பால் எங்கே போனது? அரசியல் உருவகக் கதைகளில் தலைவன் கெட்டுப்போகும் விதம்

‘பதவி வந்ததும் ஆள் மாறிட்டார்’ என்று டீக்கடையிலும் டிவி விவாதத்திலும் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குச் சான்றாக ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யையும் இழுத்துக்கொள்கிறோம். அரசியல்வாதிகள் எல்லாரும் கடைசியில் பன்றிகள்தான் என்று அந்த நாவல் சொல்வதாக நினைப்பவர்கள் ஏராளம். கம்யூனிசத்தைத் திட்டி எழுதிய புத்தகம் என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்களும் உண்டு. இரண்டையும் நாவலைத் திறக்காமலே சொல்லிவிடலாம். திறந்து படித்தால் கிடைப்பது வேறு: நேற்றுவரை கூட நின்றவர் எந்தெந்தப் படியில் கால் வைத்து, யார் யாருடைய மௌனத்தின் உதவியோடு எஜமானர் ஆகிறார் என்கிற செயல்முறை. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

கமிட்டிக் கணக்கு

ஊர்த் திருவிழாக் கமிட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் பொருளாளர் மைக்கைப் பிடித்து வரவு செலவை வரி வரியாக வாசிக்கிறார். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. இரண்டாம் வருஷம் மழை வந்துவிடுகிறது. ‘நோட்டு என்கிட்டதான் இருக்கு, வேணும்ங்கிறவங்க வந்து பாத்துக்கலாம்’ என்கிறார். யாரும் போகவில்லை. மூன்றாம் வருஷம் நோட்டைப் பற்றிய பேச்சே எழவில்லை. நான்காம் வருஷம் ஒருவர் எழுந்து கேட்கிறார். ‘ராப்பகலா உழைக்கிறவன் மேல சந்தேகமா? அப்ப நீங்களே எடுத்து நடத்துங்க’ என்று பதில் வருகிறது. கேட்டவரைப் பக்கத்தில் இருப்பவர்களே சட்டையைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள்.

இதில் பணம் எப்போது காணாமல்போனது என்று தேடினால் விஷயம் பிடிபடாது. கணக்கு வாசிப்பது எப்போது நின்றது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் வருஷம் அந்தப் பொருளாளர் முழு யோக்கியராகவே இருந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கே கதவு திறந்துவிட்டது. நல்ல அரசியல் உருவகக் கதை காட்டுவது அந்த இரண்டாம் வருஷத்தைத்தான்.

உருவகக் கதை என்றால் என்ன?

மேலே ஒரு கதை நடக்கும். அடியில் இன்னொன்று ஓடும். மேல்கதையின் பாத்திரங்களும் சம்பவங்களும் அடிக்கதையின் மனிதர்களையும் நிகழ்ச்சிகளையும் தொடர்ச்சியாகக் குறித்துக்கொண்டே வரும். இதுதான் உருவகக் கதை. பஞ்சதந்திரம் போன்ற நீதிக்கதையில் நரி என்றால் தந்திரம், அவ்வளவுதான். அது எந்தக் காட்டு நரி என்று கேட்க வேண்டியதில்லை. அரசியல் உருவகக் கதையில் விலங்குக்கு ஊரும் பேரும் வருஷமும் உண்டு.

‘விலங்குப் பண்ணை’யின் அடிக்கதை ரஷ்யப் புரட்சியும் அதற்குப் பின் வந்த கால் நூற்றாண்டும். குடிகாரப் பண்ணை முதலாளி ஜோன்ஸைத் துரத்திவிட்டு விலங்குகள் தாங்களே பண்ணையை நடத்தத் தொடங்குகின்றன. நெப்போலியன் என்ற பன்றி சோவியத் சர்வாதிகாரி ஸ்டாலினைக் குறிக்கிறது; அதன் போட்டியாளர் ஸ்னோபால், புரட்சித் தலைவர்களில் ஒருவராக இருந்து 1929இல் நாடு கடத்தப்பட்ட ட்ராட்ஸ்கியை. நெப்போலியனின் நாய்கள் ரகசியப் போலீஸ். நாய்களின் முன்னால் விலங்குகள் குற்றத்தை ஒப்புக்கொண்டு சாகும் காட்சிக்கு அடியில் 1936 முதல் 1938 வரை, பழைய புரட்சித் தோழர்களையே துரோகிகள் என்று ஸ்டாலின் கூண்டில் ஏற்றிய மாஸ்கோ விசாரணைகள் இருக்கின்றன.

ஆர்வெல் இதைத் தூரத்திலிருந்து பார்த்து எழுதவில்லை. 1903இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்து, இருபது வயதை ஒட்டிய காலத்தில் பர்மாவில் ஏகாதிபத்தியப் போலீஸ் அதிகாரியாக வேலை பார்த்தவர் அவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிஸ்டுகளுக்கு எதிராகச் சண்டையிட்டு 1937இல் தொண்டையில் குண்டடி பட்டார். அதே வருஷம், ஸ்டாலின் ஆதரவாளர்களின் வேட்டையிலிருந்து தப்பி அந்த நாட்டைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது. நாவலை 1943 நவம்பரில் தொடங்கி 1944 பிப்ரவரியில் முடித்தார். பிரிட்டனும் சோவியத் யூனியனும் போரில் கூட்டாளிகளாக இருந்த நேரம் அது. பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரிக்க, 1945 ஆகஸ்ட் 17 அன்றுதான் புத்தகம் வெளிவந்தது.

ஐந்து வாளிப் பால்

தலைவர்கள் எப்போது கெட ஆரம்பித்தார்கள் என்று கேட்டால், நாய்கள் பாய்ந்த இடத்தைத்தான் பலரும் காட்டுவார்கள். அதற்கு வெகு முன்னால், புரட்சி முடிந்த மறுநாளே நடக்கிற ஒரு சின்னச் சம்பவத்தைப் பாருங்கள்.

மாடுகளிடம் பால் கறந்து 24 மணி நேரம் ஆகிவிட்டது. மடி கனத்து வலிக்கிறது. பன்றிகள் எப்படியோ கறந்து முடிக்கின்றன. நுரை பொங்க ஐந்து வாளிப் பால். இவ்வளவு பாலை என்ன செய்வது என்று ஒரு குரல் எழுகிறது. ஜோன்ஸ் காலத்தில் சில நாள் எங்கள் தீவனத்தில் கலந்து தருவதுண்டு என்று ஒரு கோழி சொல்கிறது. நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறது. பாலைப் பற்றிக் கவலை வேண்டாம், அது கவனிக்கப்படும், அறுவடைதான் முக்கியம் என்கிறது. எல்லாம் வயலுக்குப் போகின்றன. சாயங்காலம் திரும்பி வந்தால் பால் இல்லை.

அவ்வளவுதான் சம்பவம். அடியோ மிரட்டலோ கிடையாது. இதில் மூன்று விஷயங்கள் நடந்திருக்கின்றன. பொதுச்சொத்து ஒன்று உருவானது. அதை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி எழுந்து, இன்னும் அவசரமான வேலையைக் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்த கேள்வியை மறுபடி யாரும் எடுக்கவில்லை. அறுவடை உண்மையிலேயே அவசரம்தான். அதனால்தான் விலங்குகளுக்குச் சந்தேகமே வரவில்லை.

இந்த இடத்தைத்தான் கதையின் திருப்புமுனையாக வைத்ததாக 1946 டிசம்பரில் ட்வைட் மெக்டொனால்டு என்ற அமெரிக்கப் பத்திரிகையாசிரியருக்கு எழுதிய கடிதத்தில் ஆர்வெல்லே சொல்கிறார். பாலையும் ஆப்பிளையும் பன்றிகள் எடுத்துக்கொண்டபோதே மற்ற விலங்குகள் ஒரே பிடியாக நின்றிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும் என்பது அவர் கருத்து. கூடவே ‘க்ரோன்ஸ்டாட்’ என்று ஒரு குறிப்பும் தருகிறார். 1921 மார்ச்சில் க்ரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்தின் மாலுமிகள், சோவியத்துகளுக்கு, அதாவது தொழிலாளர், படைவீரர் மன்றங்களுக்கு, சுதந்திரமான தேர்தல் வேண்டும் என்று எழுந்து நின்றார்கள். புரட்சிக்கு முன்வரிசையில் நின்றவர்கள் என்று பேர் வாங்கிய தளம் அது. படையை அனுப்பி அந்த எழுச்சியை அடக்கினார்கள். அப்போது லெனின் உயிரோடு இருந்தார். அடக்கிய செஞ்சேனைக்குத் தலைமை ட்ராட்ஸ்கி. ஸ்டாலினின் காலம் இன்னும் வரவே இல்லை.

காரணம் சொல்லும் கலை

எடுத்துக்கொள்வது முதல் படி. எடுத்துக்கொண்டதற்கு நியாயம் சொல்வது இரண்டாவது. பால் பன்றிகளின் தீவனத்துக்குப் போகிறது என்பது சில நாளில் தெரிந்துவிடுகிறது. மரத்திலிருந்து உதிர்ந்த ஆப்பிள்களும் பன்றிகளுக்கே என்று உத்தரவு வருகிறது. இதை விளக்க வருவது ஸ்குவீலர் என்ற வாய்ச்சாலகப் பன்றி. எங்களில் பலருக்குப் பாலும் ஆப்பிளும் பிடிக்கவே பிடிக்காது, மூளை உழைப்புக்காக வேறு வழியில்லாமல் சாப்பிடுகிறோம், உங்களுக்காகத்தான் சாப்பிடுகிறோம் என்கிறது. கடைசியாக ஒரு கேள்வி: நாங்கள் கடமையில் தவறினால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான், வரட்டுமா?

இதற்குப் பெயர் பரப்புரை: உண்மையைத் தெரிவிக்காமல், கேட்பவர் ஒரு முடிவுக்கு வந்துசேரும்படி பேசுவது. ஸ்குவீலரின் பேச்சு எப்போதும் ஒரே வரிசையில்தான் போகும். முதலில் தியாகம். அடுத்து சரிபார்க்க முடியாத நிபுணத்துவம். பாலில் இன்ன சத்து இருப்பதாக அறிவியல் நிரூபித்துவிட்டது என்பார்கள், விலங்குகளிடம் ஏது ஆய்வுக்கூடம்? கடைசியில் பயம். பால் யாருக்கு என்று கேட்டவர்களிடம் ‘ஜோன்ஸ் வேண்டுமா?’ என்று திருப்பிக் கேட்டதும் விவாதம் முடிந்துபோகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் வார்த்தை வரவில்லை.

இதுவரை பார்த்தது: சின்னச் சலுகை, அதை மூடும் அவசரம், பிறகு அதற்கொரு நியாயம். இந்தக் கட்டத்தில் பலாத்காரம் தேவைப்படவே இல்லை.

கூடிப் பேசும் இடம் மூடப்படுகிறது

ஞாயிறுதோறும் பண்ணையில் பொதுக்கூட்டம் நடக்கும். அடுத்த வாரத்து வேலை அங்கேதான் முடிவாகும். ஆனால் தீர்மானம் கொண்டுவருவது எப்போதும் பன்றிகள்தான். மற்ற விலங்குகளுக்கு ஓட்டுப் போடத் தெரியும். சொந்தமாக ஒரு தீர்மானம் யோசிக்கத் தெரியாது. கூட்டம் ஒருநாள் ரத்தாகும் முன்பே உள்ளே உளுத்துப்போயிருந்தது என்பதை ஆர்வெல் இப்படி ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். அவசரமாகப் படித்தால் கண்ணில் படாது.

இடையில் இன்னொன்றும் நடக்கிறது. இரண்டு நாய்கள் ஒன்பது குட்டி போடுகின்றன. பால்குடி மறந்ததும் அந்தக் குட்டிகளின் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நெப்போலியன் வாங்கிக்கொண்டுபோய், ஏணி வைத்தால் மட்டுமே ஏற முடிகிற பரணில் வைத்துவிடுகிறது. மற்றவர்கள் அவற்றை மறந்தேபோகிறார்கள். காற்றாலை கட்டுவதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பில் ஸ்னோபால் ஜெயிக்கப்போகும் தறுவாயில், வளர்ந்த ஒன்பது நாய்களாக அவை வெளியே வருகின்றன. ஸ்னோபால் உயிர் தப்பி ஓடுகிறது. அன்றைக்கே ஞாயிறு கூட்டங்கள் ரத்து. இனிமேல் பன்றிகளின் தனிக்குழு கூடி முடிவெடுக்கும்.

அந்த நிமிஷத்தை ஆர்வெல் கிட்டத்தில் போய்க் காட்டுகிறார். பாக்ஸர் என்ற உழைப்பாளிக் குதிரைக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது. காதை மடக்கி, நெற்றி மயிரைப் பலமுறை சிலுப்பி, எண்ணங்களை ஒன்றுசேர்க்கப் பார்க்கிறது. சொல்ல ஒன்றும் வரவில்லை. முன்வரிசையில் இருந்த நான்கு இளம் பன்றிகள் எழுந்து கத்துகின்றன. நாய்கள் உறுமியதும் உட்கார்ந்துவிடுகின்றன. ஆடுகள் கால் மணி நேரம் கோஷம் போட்டு மிச்சப் பேச்சையும் அமுக்கிவிடுகின்றன. பின்னால் ஒரு அத்தியாயத்தில் துரோகிகள் என்று முதலில் கொல்லப்படுவது இதே நான்கு பன்றிகள்தான். எதிர்ப்புச் சொன்ன முகங்கள் அன்றைக்கே குறித்துவைக்கப்பட்டுவிட்டன.

சுவரில் எழுதியது மாறுகிறது

புரட்சி நடந்ததும் ஏழு கட்டளைகளைக் களஞ்சியச் சுவரில் பெரிய வெள்ளை எழுத்தில் எழுதுகிறார்கள். எந்த விலங்கும் கட்டிலில் படுக்கக் கூடாது, மது குடிக்கக் கூடாது, இன்னொரு விலங்கைக் கொல்லக் கூடாது, எல்லா விலங்குகளும் சமம் என்பவை அவற்றில் சில. முப்பது கஜ தூரத்திலிருந்தும் படிக்கலாம். அது அந்தப் பண்ணையின் அரசியல் சட்டம். ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பன்றிகள் சரளமாகப் படிக்கும். மூரியல் என்ற வெள்ளாடு ஓரளவு படிக்கும். க்ளோவர் என்ற பெண் குதிரைக்கு எழுத்தெல்லாம் தெரியும். கூட்டிப் படிக்க வராது. பாக்ஸர் நான்காம் எழுத்தைத் தாண்டவில்லை. பெஞ்சமின் என்ற கழுதை பன்றிகளுக்குச் சமமாகப் படிக்கும். ஆனால் படிக்க உருப்படியாக எதுவும் இல்லை என்று வாயே திறப்பதில்லை.

பன்றிகள் ஜோன்ஸின் வீட்டில் கட்டிலில் தூங்குவதாகக் கேள்விப்பட்டதும் க்ளோவர் நேராகச் சுவருக்குப் போகிறது. மூரியலைக் கூப்பிட்டு நான்காம் கட்டளையைப் படிக்கச் சொல்கிறது. ‘விரிப்பு போட்ட கட்டிலில்’ படுக்கக் கூடாது என்று இருக்கிறது. ‘விரிப்பு போட்ட’ என்று முன்பு இருந்ததாக க்ளோவருக்கு நினைவில்லை. ஆனால் கண்ணெதிரே எழுதியிருக்கிறதே, அப்படித்தான் இருந்திருக்கும் என்று தன் நினைவையே திருத்திக்கொள்கிறது. கொலைக்குப் பிறகு ‘காரணமில்லாமல்’ என்ற சொல்லும், குடிக்குப் பிறகு ‘அளவுக்கு மீறி’ என்ற சொல்லும் இதே மாதிரி முளைக்கின்றன. ஒருநாள் நடுராத்திரி உடைந்த ஏணிக்குக் கீழே ஸ்குவீலர் மயங்கிக் கிடக்கிறது. பக்கத்தில் லாந்தரும் தூரிகையும், கவிழ்ந்த வெள்ளை பெயின்ட் டப்பாவும். பெஞ்சமினைத் தவிர யாருக்கும் எதுவும் புரியவில்லை. பெஞ்சமினும் சொல்லவில்லை.

எழுதிவைக்காத முடிவுகளுக்கு வேறு உத்தி. மனிதர்களோடு வியாபாரம் வேண்டாம், பணத்தைத் தொட வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானித்ததாக விலங்குகளுக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அது எங்காவது எழுத்தில் இருக்கிறதா, கனவு கண்டிருப்பீர்கள் என்கிறது ஸ்குவீலர். எழுத்தில் இருப்பதை மாற்றிவிடலாம்; எழுத்தில் இல்லாததை நடக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். என்னைக் கேட்டால் இந்த நாவலின் ஆகக் கூர்மையான பகுதி இதுதான். ஒரு தலைவனைப் பழைய வாக்குறுதியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறவரைக்கும் அவனைப் பிடித்து நிறுத்த வழி உண்டு. அளவுகோலையே அவன் கையில் வைத்துக்கொண்டால், மீறல் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

பலியாடும் பயமும்

பலியாடு என்பது எல்லாத் தோல்விக்கும் பழி சுமக்க வைக்கப்படும் ஆள். காற்றாலை புயலில் விழுந்தால் ஸ்னோபால் வேலை; சாவி தொலைந்தாலும் ஸ்னோபால்தான். பலியாடு ஊரில் இல்லாமல் இருப்பது வசதி, மறுத்துப் பேச வராது.

அதற்கு அடுத்தது நேரடிப் பலாத்காரம். வாரம் 400 முட்டை விற்க ஒப்பந்தம் போட்டதும் கோழிகள் உத்தரத்தில் ஏறி முட்டையிட்டு, தரையில் விழுந்து உடைய விடுகின்றன. நெப்போலியன் தீவனத்தை நிறுத்துகிறது. ஐந்து நாள் தாக்குப்பிடித்துவிட்டுக் கோழிகள் பணிகின்றன. அதற்குள் ஒன்பது கோழிகள் செத்துவிட்டன. நோய் என்று அறிவிப்பு. பாலில் தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். அன்றைக்கு விளக்கம் தேவைப்பட்டது. இன்றைக்கு நாய்கள் இருப்பதால் விளக்கம் வெறும் சடங்கு.

சுருக்கமாக வரிசை இதுதான்: சலுகை, நியாயம், கூட்டம் நிறுத்தம், பதிவைத் திருத்துதல், பலியாடு, பயம். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல்தான் நிற்கிறது. நாய்களை முதல் நாளே அவிழ்த்துவிட்டிருந்தால் பண்ணையே திரண்டு எழுந்திருக்கும்.

தப்பாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

நெப்போலியன் கெட்டவன், ஸ்னோபால் நல்லவன், அவன் ஜெயித்திருந்தால் பண்ணை பிழைத்திருக்கும் என்பது பரவலான வாசிப்பு. ஆப்பிள் விஷயத்தில் எல்லாப் பன்றிகளும் ஒரே கருத்து, ஸ்னோபால் உட்பட என்று ஆர்வெல் தெளிவாக எழுதியிருக்கிறார். ஆளை மாற்றினால் போதும் என்ற நம்பிக்கையை அவர் அங்கேயே எடுத்துவிடுகிறார்.

புரட்சியே வீண் என்று நாவல் சொல்வதாக எடுத்துக்கொள்வது இரண்டாவது தவறு. ஜோன்ஸ் விலங்குகளைப் பட்டினி போட்டான். எழுச்சி நியாயமானது என்பதில் கதைக்குச் சந்தேகமே இல்லை. மக்கள் விழிப்பாக இருந்து, வேலை முடிந்ததும் தலைவர்களை இறக்கிவிடத் தெரிந்திருந்தால்தான் புரட்சி பலன் தரும் என்று மேலே சொன்ன கடிதத்தில் எழுதுகிறார். கடைசிவரை தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டவர் அவர்.

மூன்றாவது தவறு முடிவில் கைவைப்பது. 1954இல் வந்த கார்ட்டூன் படத்துக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ மறைமுகமாகப் பணம் கொடுத்தது. அதில் விலங்குகள் திரண்டுவந்து பன்றிகளை வீழ்த்துவதாக முடிகிறது. நாவலில் அப்படி இல்லை. பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேஜையில் சீட்டாடிச் சண்டை போட, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் விலங்குகளுக்கு எது பன்றி, எது மனிதன் என்று அடையாளம் தெரிவதில்லை. படத்தின் முடிவு மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால் பாலைக் கேட்காமல் விட்டதன் விலையை அது தள்ளுபடி செய்துவிடுகிறது.

படிக்கவும் எழுதவும் ஒரு வழி

இந்த வகை நாவல் எதைப் படித்தாலும் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். தலைவன் புதிதாக எடுத்துக்கொண்டது என்ன, அதற்குச் சொன்ன காரணம் என்ன, அந்த நேரத்தில் கேட்டிருக்கக்கூடியவர் யார். மூன்றாவது பத்திதான் கடினம். பலன் தருவதும் அதுதான். ‘விலங்குப் பண்ணை’யில் அந்தப் பத்தி முழுக்க பாக்ஸரும் க்ளோவரும் பெஞ்சமினும் நிரம்பியிருப்பார்கள். ஒருவருக்கு விசுவாசம், ஒருவருக்குத் தன் நினைவின் மேல் நம்பிக்கையின்மை, ஒருவருக்கு எல்லாம் தெரிந்தும் விரக்தி. மூன்றும் பன்றிகளுக்கு ஒரே அளவு உதவுகின்றன.

எழுதப் பார்ப்பவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: தலைவனை முதல் பக்கத்திலேயே வில்லனாக்கிவிடுவது. கெட்டவன் கெட்டதைச் செய்தால் அதில் எந்தச் செயல்முறையும் இல்லை. நடுவில் இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்தாலும் வாசகன் நம்பமாட்டான். அதோடு, தலைவனுக்கு உரிய நியாயத்தையும் கொடுக்க வேண்டும். மறுபடி கட்டிய காற்றாலையை எதிரிகள் வெடிவைத்துத் தகர்க்கும் காட்சியில், நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் குப்புற விழுந்தன என்றுதான் ஆர்வெல் முதலில் எழுதியிருந்தார். 1945 மார்ச்சில், புத்தகம் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, அதை ‘நெப்போலியனைத் தவிர’ என்று மாற்றச் சொல்லிப் பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டார். ஜெர்மன் படை நெருங்கியபோதும் ஸ்டாலின் மாஸ்கோவைவிட்டு ஓடவில்லை, அந்த நியாயத்தை அவருக்குச் செய்தாக வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.